பாட்டில் நெல்

ஈரச் சாக்கை அவன் வீட்டு வாசலிலேயே பிரித்தாள் அஞ்சம்மா.

உள்ளே குழியடிச்சான் நெல். அவன் கொடுத்தபடியே கிடந்தது. ஒரு மணிகூட முளைவிடவில்லை.

புளித்த வாடை அடித்தது.

அவன் குனிந்து பார்த்தான். பார்க்க என்ன இருக்கிறது? இது முளைக்காது என்று கொடுத்த அன்றைக்கே அவனுக்குத் தெரியும்.

கடல் ஏறி வந்துபோன வயல் அவளுடையது. அதற்கப்புறம் போட்ட நெல்லெல்லாம் கருகிவிட்டது. உப்பு மண்ணிலும் குழியடிச்சான் நின்று விளையும் என்று மேடைக்கு மேடை பேசியவன் அவன். அதைக் கேட்டுத்தான் விதைக்கு வந்தாள். இரண்டு கை போதும், பெருக்கிக்கொள்கிறேன் என்றாள். இறால் பண்ணைக்காரர்களிடம் நிலத்தைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வேறு வந்திருந்தாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எப்படிச் சொல்வது? கூடத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடிப் பாட்டில்கள். பாட்டிலுக்கு ஒரு நெல், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. நடுவில் 'விதைக் காவலர்' கேடயம். வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அவன் வயலில் மட்டும் ஆறு வருடமாகக் கடையில் வாங்கிய விதை.

விதையென்றால் வருடா வருடம் மண்ணைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போய்விடும். ஊருக்கெல்லாம் சொன்னவனுக்குத் தெரியாதா?

அப்படிக் கிடந்த குழியடிச்சான் பாட்டிலைத்தான் சாய்த்துக் கொடுத்தான். ஒன்றிரண்டாவது வராதா என்று ஒரு நப்பாசை.

சீ, இதுவும் ஒரு பிழைப்பா.

"என் கைராசி அப்புடி இருக்குண்ணே," என்றாள் அஞ்சம்மா. "கூட நேரம் ஊறவுட்டுட்டேனோ என்னவோ. பொன்னாட்டம் வச்சிருந்த வெதைய பாழாக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

அவனுக்கு முகம் எரிந்தது.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம்.

அவள் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தப் பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"இன்னும் ஒரு கை தேறும் போலருக்கே. இந்தத் தடவ நீங்களே ஊறப்போட்டு, மொள கட்டிக் குடுங்கண்ணே. உங்க கைக்குத் தப்பாம வரும்."

அவன் உள்ளே போனான். பாட்டிலை இறக்கினான். ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி, நெல்லை அதில் கொட்டினான்.

அஞ்சம்மா வாசலில் நின்றபடி கும்பிட்டாள்.

"எப்ப வரட்டும்ண்ணே?"

அவன் சட்டியைத் தட்டால் மூடினான்.

"நாளான்னிக்கு வா," என்றான்.