கால்மாடு

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஏழு போலந்துச் சிப்பாய்கள் கிடக்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இங்கே செத்த அவர்களை, குழிவெட்டியான என் அப்பா நம் வழக்கப்படி தெற்கே தலைவைத்துப் புதைத்தார். கல் நட வந்த அதிகாரி யாரையும் கேட்காமல் வடக்கே நட்டுவிட்டுப் போனார். வருஷந்தோறும் பெரிய மனிதர்கள் வந்து காலுக்கு மாலை வைக்கிறார்கள். கூச்சத்தில் ஏழு பேரும் காலை இழுத்துக்கொள்வார்கள்; புல் அசைவதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த வருஷம் போலந்திலிருந்து ஹாலினா என்றொரு கிழவி, சாவதற்குள் அந்த ஏழு பேரில் ஒருவனான அண்ணன் தலையை ஒருமுறை தடவ வேண்டுமென்று வந்து, கல்லருகே குனிந்தாள்.

“அது கால்மாடு. தலை இந்தப் பக்கம்னு அம்மாகிட்ட சொல்லுப்பா,” என்றேன் மொழிபெயர்ப்பாளனிடம்.

“சும்மா இருங்க பெரியவரே. தூதர் நிக்கிறாரு.”

“நிக்கட்டும். கால்லதான நிக்கிறாரு.”

அவன் சொல்லவில்லை. நானே தெற்கே போய் மண்ணைத் தட்டிக் காட்டினேன். கிழவி தூதரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கம் நடந்தாள். மாலையோடு நின்றவர்களுக்குத்தான் எந்தப் பக்கம் அழுவதென்று தெரியவில்லை.