ஏற்றாத கற்பூரம்

“கற்பூரத்தை ஏத்தி அணைச்சுச் சொல்லுய்யா! வித்தது நல்ல வண்டிதான்னு ஆத்தா மேல சத்தியம் பண்ணு. நான் வாயை மூடிக்கறேன்!”

மாரியம்மன் கோயில் வாசலில் சண்முகவேல் போட்ட சத்தத்தில் குழந்தை வீறிட்டது. அவன் மனைவி தெய்வநாயகி அதைத் தோளில் போட்டுத் தட்டினாள்.

எதிரே நின்ற பச்சமுத்து சேலத்தில் பழைய கார் வாங்கி விற்பவர். ஆள் அனுப்பியதும் ராசிபுரத்துக்கு பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் கற்பூரப் பொட்டலம். அதையும் அவரேதான் வாங்கி வந்திருந்தார்.

“பண்றனுங்க. பதினஞ்சு வருசமா இதே தொழில். ஒரு கேசு, ஒரு வழக்கு கெடயாது. ஆத்தா முன்னால அணைக்க எனக்கென்னங்க பயம்?”

தர்மகர்த்தா கைலாசம் கையமர்த்தினார். “இரு சாமி, பதறாத. சண்முகவேலு, வண்டிக்கு என்ன கேடுன்னு நாலு பேரு கேக்கச் சொல்லு.”

“ஒரு மைலு ஓடுதுங்க மாமா. அப்பறம் செத்த மாடாட்டம் நின்னுக்குது. அரை மணி நேரம் உட்டா, தானாக் கெளம்புது. திரும்ப ஒரு மைலு. நம்மூரு மிஸ்திரி எல்லாத்தையும் தட்டிப் பாத்துட்டு இஞ்சினே தேஞ்சு போச்சுங்கறான். ஏற்காட்டு எஸ்டேட்டுக்கு மாசம் பூரா வாடகை பேசி வெச்சிருக்கறன். இதைக் கட்டிக்கிட்டு மலை ஏற முடியுமா? உழவு மாட்டையும் இவ கழுத்துச் சங்கிலியையும் வித்து வாங்குன வண்டிங்க!”

கூட்டம் உச்சுக்கொட்டியது.

“சேலத்தான் உன் தலையில நல்லா மொளகா அரைச்சுட்டான்டா!” என்றது ஒரு குரல்.

பச்சமுத்து தெய்வநாயகியைப் பார்த்தார். “அம்மிணி ஏனுங்க இப்படி வெடவெடன்னு நடுங்குது? காச்சலுங்களா?”

“காச்சலுமில்லை, ஒண்ணுமில்லை!” சண்முகவேல் சிரித்தான். “இவ அண்ணன் பாலசுந்தரம் ஏற்காட்டு மலையில பஸ்ஸோட உருண்டு போனான். அன்னையிலிருந்து ஹார்ன் சத்தம் கேட்டாலே இப்படித்தான். மலை வாடகை வேண்டாம்னு என் காலைப் புடிச்சு அழுதா. கன்னியாஸ்திரி பள்ளிக்கூடத்துல இங்கிலீசு படிச்சவ. தைரியம் மட்டும் அங்கே பாடத்துல இல்லையாட்டம் இருக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள்.

தெய்வநாயகி தலை குனிந்தாள். குழந்தையின் கழுத்தில் கட்டியிருந்த எச்சில் துணியில், அவள் பின்னிய பச்சைக்கிளி நனைந்து கிடந்தது. பள்ளிக்கூடத்துத் தையல். ராசிபுரத்தில் வேறெந்தக் குழந்தையின் கழுத்திலும் அப்படி ஒரு கிளி கிடையாது.

“அணைக்கறதுக்கு முந்தி வண்டியை ஒருக்கா பாத்துக்கறனுங்க,” என்றார் பச்சமுத்து.

கார் வேப்பமரத்தடியில் நின்றது. வழியில் நின்றுபோனதை மாடு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். பச்சமுத்து இஞ்சின் மூடியைத் தூக்கி அங்கே இங்கே தட்டினார். பிறகு பெட்ரோல் டாங்கியைத் திறந்து, வளைந்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் துழாவினார்.

தெய்வநாயகி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவர் பார்வை குழந்தையின் மேல் விழுந்தது. சற்று நேரம் அங்கேயே நின்றது.

“என்னய்யா, கோளாறு தெரிஞ்சுதா?” என்றான் சண்முகவேல்.

“தெரிஞ்சுதுங்க.” அவர் டாங்கியை மூடினார். “இந்த வண்டி மலைக்கு ஆவாதுங்க. நான் கற்பூரம் அணைக்கலை. வண்டியை எடுத்துக்கறேன். நீங்க குடுத்தது பூராவும் நாளைக்கே வந்து சேரும்.”

கூட்டம் பிடித்துக்கொண்டது.

“பாத்தியா, ஆத்தா முன்னால பொய் வரலை!”

“பதினஞ்சு வருசமா எத்தனை குடும்பத்தைக் கெடுத்தானோ!”

யாரோ வீசிய சாணி அவர் வெள்ளைச் சட்டையில் விழுந்து வழிந்தது. கைலாசம்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். “இனி இந்த ஊர்க்காரன் ஒருத்தன் உன் கடை வாசலை மிதிக்க மாட்டான். போ.”

“சரிங்க.”

தெய்வநாயகிக்கு உதடு அசைந்தது. “ஏனுங்க… அவரு மேல…”

“நீ சும்மா இரு,” என்றான் கணவன்.

அவளும் சும்மாதான் இருந்தாள்.

பச்சமுத்து வண்டியைக் கிளப்பிப் பார்க்கவே இல்லை. முன்னால் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியைத் தொடக்கூட இல்லை. கூலி பேசி ஒரு ஜோடி மாட்டைப் பிடித்துக் கட்டினார். புறப்படும் முன் தெய்வநாயகியின் அருகில் வந்து பொட்டலத்தை நீட்டினார்.

“ஏத்தாத கற்பூரம், அம்மிணி. ஊட்டுக்குக் கொண்டு போயி நீங்களே பிரிச்சு ஏத்துங்க. கொழந்தைக்கு நல்லது.”

ஊர் ஊளையிட, மாட்டின் பின்னால் நடந்தே போனார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் சண்முகவேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. “திருட்டுப்பய எப்படி வழிக்கு வந்தான் பாத்தியா! அடுத்த வாரமே கோயமுத்தூர் போறேன். இதைவிட நல்ல வண்டியாப் புடிச்சாறேன். ஏற்காட்டு வாடகையை உடறதா இல்லை.”

வீடு வந்ததும் தெய்வநாயகி உள்ளே போய், குழந்தையைத் தொட்டிலில் விட்டு, சாமி படத்தின் முன் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தாள்.

கற்பூரக் கட்டிகளுக்கு அடியில், பெட்ரோல் வாடையோடு நாலாய் மடித்திருந்தது, மலை வாடகை பேசி முடித்த அன்று அவள் தன் கையாலேயே டாங்கிக்குள் திணித்த எச்சில் துணி. அதன் மூலையில் பச்சைக்கிளி.