பெட்டி ஓடுது

பந்தலுக்குள் நுழைந்த தங்கராஜை யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

சாவு வீட்டில் சொல்லமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு, கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஓரமாக நின்றார்.

நடுவில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடி முழுக்கப் பனி படிந்திருந்தது. போதாததற்கு மேலே மாலைகள். உள்ளே யார் என்று தெரியவில்லை.

தெரிந்துகொள்ள அவர் வரவில்லை. அவர் வந்தது பெட்டியைப் பார்க்க.

பெட்டி ரஞ்சிதத்துடையது. வெளியூர் சொந்தபந்தம் வந்து சேரும்வரை பிணத்தை வைத்திருக்க, செஞ்சி சுற்றுவட்டாரத்தில் வாடகைக்கு விடுகிறாள். கரண்ட் போனால் அது வெறும் தகரம். அதனால்தான் ஒரு ஜெனரேட்டர் வாங்க, தங்கராஜ் வேலை பார்க்கும் தொழில் அலுவலகத்தில் கடன் கேட்டிருந்தாள்.

போன மாதம் அவர் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். மண்ணிலிருந்து எடுப்பது ஒரு பிரிவு, எடுத்ததை வைத்து ஒன்றைச் செய்வது ஒரு பிரிவு, அடுத்தவர் தேவைக்கு உழைத்துக் கொடுப்பது சேவைப் பிரிவு. உன்னுடையது எது என்று, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிக் கேட்டார்.

"மூணையும் பாத்தாச்சு சார். கல்லு ஒடச்சேன், செங்கல் அறுத்தேன், இப்ப இது."

வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வர என்ன ஏற்பாடு என்பது அடுத்த கேள்வி. அச்சடித்து வந்த கேள்வி. அவரும்தான் என்ன செய்வார், பாவம்.

"எங்ககிட்ட ஒரே ஆளு ரெண்டு வாட்டி வரமாட்டாங்க சார்" என்றாள் ரஞ்சிதம்.

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் ஒற்றைக்கல் மூக்குத்தி மின்னியது. ஆபீஸே சிரித்தது. தங்கராஜும் சிரித்துக்கொண்டே சேவை என்று குறித்தார்.

இனி ஒரு போட்டோதான் பாக்கி. ஓடுகிற மெஷின் பக்கத்தில் உரிமையாளர் நிற்க வேண்டும். சும்மா கிடக்கிற மெஷின் செல்லாது. இன்று சாயங்காலத்துக்குள் அதை ஏற்றாவிட்டால் இந்த ஆண்டுப் பணம் திரும்பிப் போய்விடும்.

காலையில் அவள் நம்பருக்குப் போன் போட்டதும் புருஷன் கன்னியப்பன்தான் எடுத்தான். பெட்டி இன்று ஓடுகிறதா என்று கேட்டார். அந்தப் பக்கம் யாரோ பந்தல் கால் நடும் சத்தம் கேட்டது.

"ஓடுது சார். அனந்தபுரம் ரோட்ல பந்தல் போட்டிருக்கும். வாங்க."

நல்ல வேளை என்று நினைத்தார். நினைத்ததற்காக உடனே கூச்சமும் பட்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

இப்போது கன்னியப்பன் பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தான். தங்கராஜ் கிட்டே போனார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. உறுமல் அடங்கியது. அழுதுகொண்டிருந்தவர்களும் ஒரு நொடி அழுகையை நிறுத்திப் பெட்டியைப் பார்த்தார்கள். ஐஸ் பார் வாங்கி வர இரண்டு பேர் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"இதுக்குத்தான்யா ஜெனரேட்டர்" என்றார் தங்கராஜ் தணிந்த குரலில். "இந்தத் தடவை வாங்கிடலாம்."

கன்னியப்பன் குனிந்து பிளக்கை அழுத்திப் பார்த்தான்.

கரண்ட் வந்தது. பெட்டி மறுபடி உறுமியது. மறுபடி எப்போது போகுமோ என்று தங்கராஜ் அவசரமாகச் செல்போனை எடுத்தார்.

"ரஞ்சிதம் எங்கப்பா? ஒரு நிமிஷம் பெட்டி பக்கத்துல வந்து நிக்கச் சொல்லு."

கன்னியப்பன் மாலைகளை ஒதுக்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்து, கண்ணாடி மேலிருந்த பனியை மெல்லத் துடைத்தான்.

முதலில் மூக்குத்திதான் தெரிந்தது.

"நிக்க முடியாது சார்" என்றான். "பெட்டி ஓடுது. இப்டியே எடுத்துக்குங்க."