ஓசி முதுகு

"வலி எந்தப் பக்கம் ஆன்ட்டி? இடதா, வலதா?"

குப்புறப் படுத்திருந்த ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார்.

"போன வாரம் எந்தப் பக்கம்மா சொன்னேன்?"

"இடது பக்கம்."

"அப்ப அதே பக்கம்தான். விட்டுத் தொலைய மாட்டேங்குது சனியன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கைரோபிராக்டிக் கடைசி வருட மாணவி. முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே தொட்டுப் பார்த்து, அழுத்திச் சரிசெய்கிற படிப்பு. "முதுகுல சொடக்கு எடுக்கவா கடல் தாண்டிப் போறே?" என்று சித்தப்பா இன்றுவரை கிண்டல் செய்கிறார்.

கல்லூரி கிளினிக்கில், மேற்பார்வை டாக்டர் பக்கத்தில் இருந்தால்தான் நோயாளியைத் தொடலாம். அந்த நோயாளியையும் மாணவர்களே கூட்டி வர வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு அப்பா, அத்தை, மாமா என்று முதுகுகள் வரிசையில் வந்தன. வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஏது முதுகு? ஆன்ட்டிதான் ஒருநாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானாக மாடியேறி அவள் அறைக்கு வந்தார்.

"உங்க காலேஜ்ல வைத்தியம் ஃப்ரீதானே?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

அன்றிலிருந்து வாராவாரம் இரண்டு பஸ் மாறி கிளினிக்குக்கு வந்துவிடுவார். மூட்டு 'மளுக்'கென்று சத்தம் போடும்போது கட்டிலின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஆனாலும் மறுவாரம் ஆஜர்.

ரூம்மேட்டுக்கு ஆன்ட்டியைக் கண்டாலே ஆகாது. அவள் நர்சிங் மாணவி.

"ஓசின்னா அது பினாயிலைக்கூடக் குடிக்கும்டி. முதல் வருஷம் என்னை மட்டும் விட்டுச்சா? வாராவாரம் விரலை நீட்டிக்கிட்டு, 'சுகர் பாத்து விடும்மா'ன்னு வந்து நிக்கும். அப்ப எனக்கு ஊசியைப் பிடிச்சாலே கை நடுங்கும். குத்துன இடத்துலயே நாலு தடவை குத்துவேன். அப்பவும் விடாது! இப்ப உன்கிட்ட வந்திருக்கு."

மாடியில் விளக்கு வீணாக எரிந்தால் கீழிருந்தே சத்தம் போடுகிறவர் ஆன்ட்டி. அதனால் ரூம்மேட் சொன்னதை இவளும் நம்பினாள்.

கடைசிச் செய்முறைத் தேர்வு வந்தது. தேறினால் ஊருக்குப் போகலாம். தவறினால் இன்னும் ஒரு வருடம் இங்கேதான். அக்காவின் குழந்தையை அவள் இன்னும் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

மேற்பார்வை டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் ஆன்ட்டியின் முதுகில் விரல் வைத்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை ஒவ்வோர் எலும்பாக இறங்கினாள். எல்லாமே தடையில்லாமல் அசைந்தன. முன்பும் இப்படித் தோன்றியதுண்டு. 'வலிக்குதுன்னு சொல்றாங்களே, என் கைக்குத்தான் பிடிபடல' என்று தன்னையே நொந்துகொள்வாள். இப்போது கை பழகிவிட்டது. ஏமாற மறுத்தது.

"என்ன கண்டுபிடிச்சே?" என்றார் டாக்டர்.

இடுப்பில் இறுக்கம் என்று சொல்லிவிடலாம். ஆன்ட்டியும் அதற்கு ஏற்றாற்போல முனகிக்கொண்டிருந்தார். அவள் முதுகிலிருந்து கையை எடுத்தாள்.

"ஒண்ணும் இல்ல சார். இவங்க முதுகு நல்லா இருக்கு."

ஆன்ட்டியின் முனகல் சட்டென்று நின்றது.

டாக்டர் சிரித்துவிட்டார். "எனக்கு முதல் மாசமே தெரியும். நீ எப்பச் சொல்லுவேன்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். பாஸ்!"

வெளியே வந்ததும் சந்தோஷத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது அவளுக்கு.

"குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க! எதுக்கு ஆன்ட்டி பொய் சொன்னீங்க?"

"நல்ல நாளும் அதுவுமா கத்தாதே." ஆன்ட்டி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "மாடிப்படியில உக்காந்து உங்கம்மாகிட்ட போன்ல அழுதியே. 'எல்லாருக்கும் சொந்தக்காரங்க வர்றாங்க, எனக்குத் தொட்டுப் பாக்க ஒரு முதுகு இல்லம்மா'ன்னு. கீழ என் காதுல விழுந்துச்சு. வலி இல்லாதவங்களைச் சேத்துக்க மாட்டாங்களோன்னு வலியைச் சொல்லி வந்தேன்."

"அப்புறம் ஏன் ஃப்ரீதானேன்னு கேட்டீங்க?"

"ஓசிக்கு வர்றேன்னாத்தானே நீ சந்தேகப்பட மாட்டே! ஆனா ஒண்ணு, அந்த மளுக் சத்தத்துக்குப் பயந்து வாராவாரம் சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன். இனிமே ஆளை விடு தாயே."

அவள் நடுத்தெருவில் ஆன்ட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பஸ் வந்துடுச்சு, பஸ் வந்துடுச்சு" என்று ஆன்ட்டி அவளைப் பிய்த்து விலக்கினார்.

அறைக்கு வந்தபோது ரூம்மேட் கட்டிலில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள்.

"பாஸாயிட்டியாமே! உன் ஓசி ஆன்ட்டிக்கு இடுப்பு வலி போயிடுச்சா, இல்லையா?"

"அவங்களுக்கு வலியே இருந்ததில்லடி. எனக்கு ஆள் இல்லைன்னுதான் வந்திருக்காங்க."

ரூம்மேட் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இவள் கேட்டாள்.

"நீ குத்திக் குத்திப் பாத்தியே, ஒரு தடவையாவது அவங்களுக்கு சுகர் இருந்துச்சா?"

ரூம்மேட் எழுந்து உட்கார்ந்தாள். இப்போது நடுங்காத தன் விரல்களையே பார்த்தாள்.

"ஒரு தடவைகூட இல்லடி."