ஒற்றை ஆள் படகு

காலையில் எழுந்ததும் சிலர் ராசிபலன் பார்ப்பார்கள். சமுத்திரம் சுவர் பார்ப்பான்.

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ புதிதாகக் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் தென்பட்டால் வண்டியை நிறுத்திச் செல்போனில் படமெடுத்துக்கொள்வான். காரியம் முடிந்த மறுவாரம் அந்த வீட்டு வாசலில் நின்று, "அண்ணாச்சி எனக்குத் தெய்வம் மாதிரி" என்று இரண்டு சொட்டுக் கண்ணீர் விடுவான். திரும்பும்போது அண்ணாச்சியின் மோட்டாரோ பைக்கோ பழைய இரும்பு விலைக்கு அவனோடு வந்துவிடும். இதற்குச் சட்டத்தில் பெயர் கிடையாது. அதனால் சமுத்திரம் இதை வியாபாரம் என்றான்.

அப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆவுடையப்பனின் போஸ்டர் கிடைத்தது. முன்னாள் கடற்படை வீரர். தலையில் வெள்ளைத் தொப்பி, முகத்தில் முக்கால்வாசியை மூடிய கறுகறு தாடி.

மாலை போட்ட அதே படத்துக்குக் கீழே அவர் மனைவி முனீஸ்வரி சுருண்டு உட்கார்ந்திருந்தாள். பின்கட்டில், தார்ப்பாய்க்கு அடியில் நீளமாக ஏதோ கிடந்தது.

"இது என்னதுக்கா?"

"போட்டு தம்பி. பாய் கட்டி ஒத்த ஆளு மட்டும் ஓட்டுத ரேஸ் போட்டாம். அவிய பழசா எங்கயோ வாங்கிட்டு வந்தாவ. ஒரு நா ஓட்டலை, போய்ச் சேந்துட்டாவ. கோழி அடைக்கலாம்னு பாத்தா அதுக்கும் ஆவாது போல."

சமுத்திரத்துக்குப் பெயரில்தான் கடல். நிஜக் கடலை திருச்செந்தூரில் முழங்கால் வரை பார்த்திருக்கிறான். ஆனால் செல்போனுக்குத் தெரியாத கடலா? ஓரமாகப் போய்த் தேடினான். வெளிநாட்டுப் படகு. பழுது நீக்கி விற்றால் கொச்சியில் நல்ல கார் விலைக்குப் போகும்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். "வெறும் பிளாஸ்டிக்குக்கா. எடைக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான். அண்ணாச்சி மொகத்துக்காக நான் தூக்கிட்டுப் போறேன்."

"நல்லா இருப்பே தம்பி." முனீஸ்வரி, அவன் கொடுத்த பணத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். தெருமுனை வரைக்கும் சமுத்திரத்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டில் அவன் மனைவி விஜி சிரிக்கவில்லை.

"இங்கேருந்து கடலு எம்புட்டுத் தூரம்? எங்கப்பா பேண்டேஜ் கம்பெனியில வேலை சொன்னாரு. அதுக்குப் போக வலிக்கு. தொரை கப்பல் ஓட்டப் போறாராம்!"

"ஓட்ட இல்லட்டி, விக்க. இது ஒண்ணு போச்சுன்னா செத்தவன் வீட்டு வாசல்ல நிக்குத பொழப்பே வேண்டாம். மெயின் ரோட்டுல சொந்தக் கடை போடுதேன், பாத்துக்க."

அந்தக் கடைக்காகத் தன் ஆசை புல்லட்டை விற்றான். அதுவும் ஏதோ ஓர் அண்ணாச்சியுடையதுதான். ஃபைபர் வெடிப்புகளை அடைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினான். கந்தல் பாயைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சென்னையிலிருந்து புதுப் பாய் தருவித்தான். துருப்பிடித்த கப்பிகள், நைந்த கயிறுகள், வளைந்த சுக்கான் எல்லாம் போய்ப் புதியவை வந்தன. பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை என்று விஜி தெருவுக்கே சொன்னாள்.

ஆடிக் காற்றில், தேவதானம் கண்மாயில் நெஞ்சளவுத் தண்ணீரில் வெள்ளோட்டம். படகு அம்பு மாதிரிப் பாய்ந்தது. பிறகு கவிழ்ந்தது. சமுத்திரம் வாத்துகளோடு வாத்தாகக் கரையேறினான். படகுக்கு ஒரு கீறல் இல்லை. கவிழ்வதற்கு முந்திய பாதி வீடியோவைப் பார்த்த கொச்சி டாக்டர் ஒருவர், கேட்ட விலைக்குச் சம்மதித்து, நேரில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

டாக்டர் வருவதற்கு முதல் நாள் ஜீப் வந்தது. பின்னாலேயே ஒரு மினி லாரி.

மழுமழுவென்று சவரம் செய்த முகம், காக்கிப் பேண்ட், பழுப்பு ஷூ. ஸ்பெஷல் டீம் இன்ஸ்பெக்டராம். படகின் பின்புறம் பொறித்திருந்த நம்பரைக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

"திருட்டுப் போட்டு. அடிச்சவன் பேரு ஆவுடையப்பன்."

"அவரு செத்துட்டாரு சார்!"

"செத்தவன உள்ள வைக்க முடியாதுல்லா? உயிரோட இருக்கவனத்தான் வைக்கணும். என்ன குடுத்து வாங்குனே?"

சமுத்திரம் விலையைச் சொன்னான். இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏலே, இந்த விலைக்குக் கெடைக்கிறது திருட்டுச் சாமான்னு பச்சப்புள்ளைக்கே தெரியும். நெசமாவே இதுக்குத்தான் வாங்குனேன்னு கோர்ட்டுல சொல்லிப் பாரு."

வாழ்க்கையில் முதல்முறையாக, கூடுதலாகக் கொடுத்திருக்கலாமே என்று சமுத்திரத்துக்குத் தோன்றியது.

"சார், பிள்ளகுட்டிக்காரன்..." காலில் விழுந்தான். விஜியும் ஓடிவந்து கும்பிட்டாள். இன்ஸ்பெக்டருக்கு மனம் இளகிவிட்டது. படகை ஒப்படைத்துவிட்டால் பெயர் வராமல் பார்த்துக்கொள்கிறாராம். போனில் இது சம்பந்தமாக எது இருந்தாலும் உடனே அழித்துவிட வேண்டும். வாங்க இருந்தவரின் நம்பர் மட்டும் விசாரணைக்கு வேண்டும்.

சமுத்திரம் டாக்டரின் நம்பரைக் கொடுத்தான். பாயை மடித்து, கயிறுகளைச் சுருட்டி, உரசாமல் இருக்க விஜியின் சேலைகளைச் சுற்றி, தன் கையாலேயே லாரியில் ஏற்றிவிட்டான். இன்ஸ்பெக்டர் புதுப் பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் செஞ்சிருக்கே" என்று சிரித்தபடி ஜீப்பில் ஏறினார்.

"தங்கமான மனுசன்ட்டி" என்றான் சமுத்திரம், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "வேற ஆளா இருந்தா இந்நேரம் விலங்கு மாட்டியிருப்பான்."

கையோடு செல்போனை எடுத்தான். வீடியோவை அழித்தான். டாக்டரின் மெசேஜ்களை அழித்தான். கடைசியாக ஆவுடையப்பனின் கண்ணீர் அஞ்சலி. அழிப்பதற்காகக் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். விரல் சரியாகத் தாடியின் மேல் விழுந்து அதை மறைத்தது.

விரலுக்கு மேலே, கொஞ்சம் முன்பு ஜீப்பில் ஏறிய அதே கண்களால், இன்ஸ்பெக்டர் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.