கேட்கக் கூடாத கேள்வி

அந்தம்மா ஜரீனாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த சுடலைமாடத்திக்கு வயிறு பற்றி எரிந்தது.

இரண்டு பேருமே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கள். ஜரீனாவுக்கு ராஜபாளையத்திலிருந்து கார் வரும், வாயைத் திறந்தால் இங்கிலீஷ் வரும். சுடலையோ தன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அவளுக்கு எதுவும் தானாக வந்ததில்லை.

அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மறதி நோய்ப் பயிற்சி. டாக்டர்கள் ஆளுக்கொரு நோயாளியை வரவழைத்திருந்தார்கள். சுடலை கூட்டிவந்தவள்தான் அந்தம்மா. நன்றாகச் செய்கிறவரே இனி மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் மதுரையிலிருந்து வந்திருந்த டாக்டர் இருளப்பசாமி.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. உங்க பேரைச் சொல்லிட்டுப் பேசுங்க. 'என்னைத் தெரியுதா'ன்னு கேக்கவே கேக்காதீங்க. தெரியலைன்னா அவங்க தவிச்சுப் போவாங்க."

ஜரீனா அப்படியே செய்தாள். "அம்மா, எம்பேரு ஜரீனா. டாக்டரு. இந்தாங்க, பால்கோவா."

அந்தம்மா பாதியைத் தின்றாள். மீதியை முந்தானையில் முடியப் போனவள், ஜரீனாவை நிமிர்ந்து பார்த்ததும் அவளிடமே நீட்டினாள். "நீ தின்னு ஏட்டி. பள்ளிக்கூடத்துலேருந்து பசியோட வந்திருப்ப."

அறையே சிரித்தது. "பாத்தியளா, மகளாவே ஆக்கிட்டாவ!" என்றார் டாக்டர் காளிராஜ்.

"பால்கோவாவைக் காட்டுனா யாரு வேணா மகளாயிரலாம்" என்று வெடுக்கென்று சொன்னாள் சுடலை.

அந்தம்மாவின் மறுகை விரல்கள் மடியில் எதையோ திருகித் திருகி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன.

"இது என்ன, நடுக்கமா?" என்று குனிந்து பார்த்தார் இருளப்பசாமி.

"நடுக்கமில்ல சார். மில்லுல அறுந்த நூலை முடிச்சுப் போடுதாவ" என்றாள் சுடலை.

"பரவாயில்லையே! சரி, இப்ப நீங்க பேசுங்க."

ஜரீனா எழுந்தாள். "எங்கட்டி போற?" என்று அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள் அந்தம்மா. சுடலை அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பேரைச் சொல்லாமலே கேட்டாள்.

"என்னைத் தெரியுதா?"

அந்தம்மா மிரண்டாள். "தெரியலியே தாயி... நர்சம்மாவா? எம்மவளை எங்க கூட்டிட்டுப் போறிய?" கண் கலங்க ஜரீனாவின் பக்கம் கையை நீட்டினாள்.

இருளப்பசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன டாக்டர் இது? எதைக் கேக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனோ, அதையே கேக்குறீங்களே!"

சுடலை தலையை நிமிர்த்தவில்லை.

"பின்ன, எங்கம்மாகிட்ட நான் வேற என்னத்த சார் கேக்க?"