டிராயிங் மாஸ்டரின் ஆர்க்கிட்

பள்ளி மைதானத்துப் பந்தலில் மலர்க் கண்காட்சி. டிராயிங் மாஸ்டர் சூசை தன் ஆர்க்கிட் செடிக்கு முன்னால் நிற்கிறார். செடியில் பூ இல்லை. சிறுமலையிலிருந்து கொண்டுவந்து, தேங்காய் மட்டையில் கட்டி, நான்கு வருஷம் தண்ணீர் தெளித்து வளர்த்தது. புல்லுருவிக்கு ஊழியம் செய்கிறார் என்று தெருவே சிரித்தது. போன வாரம்தான் ஊதா வரியோடிய ஒரே ஒரு பூ மலர்ந்தது. இன்று அவர் டீ குடித்து வருவதற்குள், கண்காட்சிக்கு வந்த சிறப்பு விருந்தாளியின் மாலைக்குக் குஞ்சம் எடுப்பாக இல்லையென்று கமிட்டிக்கார ஒச்சப்பன் அதைக் கிள்ளிக் கட்டிவிட்டார்.

"ஒத்தப் பூதான மாஸ்டர்! நாளைக்கே இன்னொண்ணு பூத்துட்டுப் போகுது" என்கிறார், வாய் நிறைய வெற்றிலையோடு. நடுவர் வெறுங்காம்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். முதல் பரிசு அட்டையைப் பக்கத்து டேலியாவின் மேல் சாய்த்து வைக்கிறார். அட்டையில் மினுங்கும் பொன் எழுத்து சூசையே ராத்தூக்கம் கெட்டு எழுதிக்கொடுத்தது.

வெளியே, விருந்தாளி கழற்றிய மாலையை டிரைவர் காரின் மூக்கில் மாட்டுகிறான். உச்சி வெயிலில் ஊதாப் பூ தலைகீழாக ஆடுகிறது. மனைவி செபாஸ்தியம்மாள் பந்தலே கேட்கிற மாதிரிச் சொல்கிறாள்:

"மாதா சுரூபத்துக்கு வைக்கக் கேட்டேன். கிட்ட வராதேன்னீக. இப்ப மோட்டாருக்குச் சூட்டியாச்சு."

கார் கிளம்புகிறது. அது கிளப்பிய புழுதியைச் சூசை இலை இலையாகத் துடைக்கிறார்.